செக்கிங் கூலி

நாமக்கல்லில் சேலம் ரோட்டைப் பிடித்து ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் லாரிப் பட்டறைகள்தான். ஒன்றில் பாடி கட்டுகிறார்கள். அடுத்ததில் பெயின்ட் அடிக்கிறார்கள். ஸ்பிரிங் பட்டைக்கு ஓர் ஆள், ரேடியேட்டருக்கு ஓர் ஆள், சீட் தைக்க ஓர் ஆள், பின்பலகையில் பெயர் எழுத ஓர் ஆள் என்று ஒரு வண்டியைப் பங்கு போட்டுப் பிழைக்கிற தெரு அது. அதில் எலக்ட்ரிக்கல் பட்டறைதான் பார்வைக்கு ஏழை. தகரக் கூரை, ஒரு மேசை, பேட்டரி சார்ஜர், ஆணியில் தொங்கும் வயர்ச் சுருள்கள். மேசை விசிறி ஒன்று உண்டு. அதுவும் சால்டரிங் புகையை வெளியே தள்ளுவதற்காக ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. ஆளுக்குக் காற்று வராது.

என் காரின் செல்ஃப் மோட்டாரைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு சக்கர லாரி ஒன்றை இன்னொரு லாரியில் கட்டி இழுத்து வந்து வாசலில் விட்டார்கள். என் வேலை அன்றைக்கு நடக்காது என்று தெரிந்துவிட்டது. எழுந்து போகவும் மனமில்லை.

டிரைவர் ராசிபுரத்துக்காரர். கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா ஓடுன வண்டிங்க. பின்கதவு கீலு விட்டுப்போச்சுன்னு பாடி பட்டறைல உட்டன். ராத்திரியே அடிச்சு முடிச்சுட்டாங்க. காலைல வந்து சாவி போட்டா செல்ஃப் சுத்துது, வண்டி எடுக்கல."

எலக்ட்ரீசியனுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கண்ணாடிக்குக் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். பாடி பட்டறை என்று காதில் விழுந்ததும் நிமிர்ந்தார்.

"வெல்டிங் அடிக்கறப்ப பேட்டரி வயரக் கழட்டுனாங்களா?"

"தெரியலீங்க. நான் ஊட்டுக்குப் போயிட்டன்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பாதி விடை அப்போதே கிடைத்துவிட்டது என்று எனக்குக்கூடப் புரிந்தது. ஆனால் மத்தியானம் தாண்டும்வரை அவர் பார்த்த வேலை முழுவதும் அந்த விடையை நம்பாமல் இருப்பதற்கான வேலை.

முதலில் பேட்டரி. 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு சேர்ந்தால்தான் லாரிக்கு வேண்டிய 24. மீட்டர் 25.3 காட்டியது. செல்ஃப் அடிக்கச் சொன்னார். 21க்குக் கீழே இறங்கவில்லை. "பேட்டரி மேல குத்தமில்ல" என்று மீட்டரிடம் சொன்னார். பிறகு தானே கேபினில் ஏறி உட்கார்ந்து செல்ஃப் அடித்தார். எஞ்சின் சுற்றும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. அவர் காது அதில் இல்லை. டேஷ்போர்டில் ஆர்.பி.எம். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் படுத்தே கிடந்தது. எஞ்சின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதை அந்த முள்ளுக்குச் சொல்ல வேண்டியது எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசிஎம். அது சொல்லவில்லை.

பட்டறைப் பையன் ஐடிஐ படித்தவன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகிவிட்டு ஒவ்வொன்றாகப் படித்தான். மீட்டர் பதில் சொன்னது. ஏபிஎஸ் பதில் சொன்னது. எஞ்சின் என்கிற இடத்தில் மட்டும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் தொடர்பு இல்லை என்று வந்து நின்றது.

"ஈசிஎம் போச்சுண்ணா."

"போச்சுன்னு ஸ்கேனர் சொல்லுச்சா? பேசலைன்னுதான் சொல்லுச்சு. பேசறதுக்குச் சோறு போவுதான்னு மொதல்ல பாரு."

கேபினைக் கவிழ்த்தார்கள். எஞ்சினின் இடது பக்கத்தில், ரப்பர் புஷ் வைத்த நான்கு போல்ட்டில் உட்கார்ந்திருந்தது அந்தப் பெட்டி. பெரிய சாப்பாட்டு டப்பா அளவு இருக்கும், அலுமினியம். இரண்டு பெரிய கப்ளர்கள் வழியாக நூற்றுக்கும் மேற்பட்ட வயர்கள் உள்ளே போகின்றன. சாவியை அணைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா நின்றார். சாவியை எடுத்த பிறகும் ஈசிஎம் கொஞ்ச நேரம் விழித்திருந்து அன்றைய கணக்கை எழுதி வைத்துக்கொள்ளும். அது முடிவதற்குள் பிடுங்கக் கூடாதாம். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கப்ளரின் லீவரைத் தூக்கி, பின்களை டார்ச் அடித்துப் பார்த்தார். பச்சை பிடித்திருக்கிறதா, ஈரம் இருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா. மூன்றும் இல்லை. ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் இவருக்கு வேலை அதிகமாம். வண்டியைக் கழுவுகிறேன் என்று எஞ்சின் மேலேயே வேகத் தண்ணீரைப் பீய்ச்சி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு, மறுநாள் இங்கே இழுத்து வருவார்களாம்.

அடுத்து அவர் எடுத்த கருவி எனக்குப் பிடித்திருந்தது. இண்டிகேட்டரில் போடுகிற சாதாரண 21 வாட் பல்பு. அதற்கு இரண்டு வயர் பற்றவைத்து, முனையில் ஊசி கட்டியிருந்தார். மீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று பையன் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் முன்பே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும், வாயைத் திறக்கவில்லை. ஆனால் புதிய ஆள் ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டோ என்னவோ, அவரே சொன்னார். வயர் உள்ளே அரித்துப்போய்ப் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 24 காட்டிவிடும். மீட்டருக்குக் கரண்ட் வேண்டியதில்லை. பல்புக்கு வேண்டும். அந்த அரித்த வயரால் பல்பைப் பளிச்சென்று எரிக்க முடியாது.

"மீட்டரு முகஸ்துதி பாடும். பல்பு பாடாதுங்."

பேட்டரி நெகட்டிவைத் திரும்ப மாட்டிவிட்டு, கப்ளரில் பாசிட்டிவ் வருகிற பின் ஒவ்வொன்றிலும் பல்பை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. எர்த் பின்களிலும் எரிந்தது. ஃப்யூஸ் சரி, ரிலே சரி. சோறு போகிறது.

இந்த இடத்தில் பல பட்டறைகளில் கையை உதறிவிடுவார்கள். அல்லது அதே மாடல் வண்டி ஒன்றின் பெட்டியைக் கழற்றி இதில் வைத்துப் பார்ப்பார்கள். வயரிங்கில் எங்காவது ஷார்ட் இருந்தால் அதுவும் போகும். ஒரு வண்டி நின்ற இடத்தில் இரண்டு வண்டி நிற்கும்.

இவர் கப்ளரை மாட்டிவிட்டு, டீசல் ரெயிலில் இருக்கும் பிரஷர் சென்சாரின் பிளக்கைக் கழற்றி மீட்டரை வைத்தார். சென்சார்களுக்கு ஈசிஎம் கொடுப்பது 24 அல்ல, 5 வோல்ட். வந்தது 0.2. பையன் முகத்தில் நான் அப்பவே சொன்னேனே என்கிற களை. அவர் கவனிக்கவில்லை. பூஸ்ட் சென்சாரைக் கழற்றினார். ஆயில் பிரஷர், கேம், ஆக்சிலரேட்டர் பெடல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் திரும்ப வந்து அதே பிளக்கில் மீட்டர் வைத்தார். ஏதாவது ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் அது ஒன்றே அந்த 5 வோல்ட் முழுவதையும் விழுங்கிவிடும். பெட்டி நல்லதாகவே இருந்தும் செத்ததுபோல் கிடக்கும். சில நூறு ரூபாய், சில ஆயிரம் ரூபாய் சென்சாருக்காக ஈசிஎம் மாற்றியவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள் என்றார். குற்றவாளி சென்சாரைக் கழற்றியதும் 5 திரும்ப வந்திருக்க வேண்டும். எதைக் கழற்றியும் வரவில்லை.

கடைசியாகப் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மீட்டரை ஓமுக்குத் திருப்பினார். வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் முறுக்கிய இரண்டே வயரில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பாஷ் நிறுவனம் 1986இல் உலகுக்குக் காட்டிய ஏற்பாடு அது. அந்த இரண்டு வயரின் இரண்டு முனையிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் இணையாக இருப்பதால் மீட்டர் 60 காட்ட வேண்டும். 120 காட்டியது. ஒரு முனையைக் காணோம். இந்த மாடலில் அந்த முனை ஈசிஎம்முக்கு உள்ளேயே இருக்கிறது.

அவர் அப்போதும் ஈசிஎம் போய்விட்டது என்று சொல்லவில்லை. ஆறு இன்ஜெக்டர்களின் வயர்களையும் எடுத்து, காயில் அறுந்திருக்கிறதா, எங்காவது பாடியைத் தொடுகிறதா என்று அளந்தார். "புதுப் பொட்டி மாட்டுன ஒடனே அதுவும் போனா யாரு தலைல கட்டறது?" எல்லா எண்களையும் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு பழைய ரிலேயை மேலே வைத்தார். அப்புறம்தான் சாப்பிடப் போனார்.

பக்கத்துப் பட்டறையில் பம்ப்பு மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். சாப்பாட்டு வேளையில் வந்து கவிழ்ந்த கேபினுக்குக் கீழே எட்டிப் பார்த்தார். அவர் காலத்தில் இந்த இடத்தில் நின்றது மைக்கோ பம்ப்பு. பெங்களூரில் 1951இல் தொடங்கிய மைக்கோ கம்பெனிக்கு 2008இல் பாஷ் என்று பெயர் மாறியும் இவர்கள் வாயில் பெயர் மாறவில்லை. ஆறு சிலிண்டருக்கு ஆறு பிளஞ்சர், எஞ்சினோடு சேர்ந்தே சுற்றும், டீசலைத் தள்ளும். பேட்டரி செத்துப்போனால் பத்து பேர் தள்ளினால் வண்டி எடுத்துவிடும். பம்ப்பில் கோளாறென்றால் புகையின் நிறமும் எஞ்சினின் தட்டலும் காட்டிக்கொடுக்கும்.

இப்போதுள்ள காமன் ரெயிலில் தள்ளுகிற வேலை வேறு, முடிவு செய்கிற வேலை வேறு. பம்ப் ஒரு குழாயில் டீசலை அழுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். எந்த இன்ஜெக்டர் எப்போது திறக்க வேண்டும், எத்தனை நேரம் என்பதை ஈசிஎம் சொல்கிறது. ஆறு சிலிண்டர் எஞ்சின் 1500 ஆர்.பி.எம்.மில் ஓடினால் வினாடிக்கு 75 தடவை டீசல் வெடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று பிரித்துப் பிரித்துப் பீய்ச்சுவதால் உத்தரவுகள் அதற்கும் மேலே. கையால் செய்கிற காரியமல்ல என்பதை மேஸ்திரி ஒத்துக்கொள்கிறார். ஜப்பானில் டென்சோ கம்பெனி 1995இல் ஹீனோ லாரியில் இதைக் கொண்டுவந்தது. நம் ஊர் லாரிகளுக்குப் பரவலாக வந்தது புகைச் சட்டம் இறுகிய பிறகு. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ் 4. ஐந்தைத் தாண்டிக் குதித்து 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6.

ஓனர் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்தார். இரண்டு லாரி வைத்திருப்பவர். மக்காச்சோளம் ஏற்றத் தாவணகெரே போக வேண்டிய வண்டி இது. கோழித் தீவன ஆலைக்காரர் போன் மேல் போன் அடிக்கிறார். அவருடைய இன்னொரு வண்டி பிஎஸ் 3. விற்காமல் நின்ற சுமார் எட்டு லட்சம் பிஎஸ் 3 வண்டிகளை ஏப்ரல் 1க்குப் பிறகு விற்கக் கூடாது என்று 2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், மிச்சமிருந்த இரண்டு நாளில் ஷோரூம்கள் விலையைக் குறைத்துத் தள்ளிவிட்டன. அப்போது எடுத்தது.

"அந்த வண்டில இந்தப் பொட்டியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இன்னிக்கும் ஓடிக்கிட்டுதான் இருக்குது."

எலக்ட்ரீசியன் நாள்காட்டித் தாளை நீட்டினார். ஓனர் அதை வாங்கி, டாக்டர் சீட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்து, எழுத்து புரியாமல் எழுதியவர் முகத்தைப் பார்த்தார்.

"பொட்டி போயிருச்சுங்."

"ரிப்பேராகாதா?"

பெட்டியைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்தார்கள். கழற்ற ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. விளிம்பில் சிலிக்கான் ஒட்டியிருந்ததைக் கத்தியால் நெம்பித் திறந்தார். மெழுகு பூசியதுபோல் பளபளக்கும் போர்டு. கரண்ட் உள்ளே நுழைகிற ஓரத்தில் சுண்டைக்காய் அளவு கறுப்பு. செம்புக் கோடு ஒன்று மேலே உரிந்து நின்றது. இவர் இப்படிப்பட்டவற்றைச் சரிசெய்கிறவர்தான். கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர் மட்டும் என்றால் மாற்றிக் கொடுத்துவிடுவாராம். ஆனால் இந்தப் போர்டில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்குகள். "மேல எரிஞ்சது தெரியுது. உள்ள எங்க எரிஞ்சிருக்குதுன்னு ஆருக்குத் தெரியும்? பூட்டி உட்டு, எங்கியாச்சும் மலையேத்தத்துல போயி நின்னா?" அடிபட்டு உடைப்புக்குப் போன லாரியின் பழைய பெட்டி கிடைக்கும். ஆனால் அதன் நினைவில் வேறு சேசிஸ் எண்ணும் வேறு எஞ்சினின் கணக்கும் இருக்கும். இதிலிருந்து படித்து அதில் எழுதலாம் என்று பார்த்தால் இது படிக்கவே வரவில்லை. ஆகப் புதுசுதான்.

டிரைவர் இடையில் மெல்ல ஒரு விண்ணப்பம் போட்டார். புதுப் பெட்டி வைக்கிறதோடு அப்படியே அந்த யூரியாவை ஆஃப் பண்ணிவிட முடியுமா? 32.5 சதவீத யூரியாக் கரைசலைச் சைலன்சருக்குள் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கிற ஏற்பாடு. அது தீர்ந்தாலும், அதன் சென்சார் ஒன்று தவறாகச் சொன்னாலும் ஈசிஎம் எஞ்சினின் பலத்தைக் குறைத்துவிடும். லோடோடு ஏற்றத்தில் நிற்கிறவனின் எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் அந்தப் புகைக்குப் பின்னாலேயே டிவிஎஸ் எக்ஸெல்லில் போகிறவர்களும் இருக்கிறார்கள். எலக்ட்ரீசியன், "அதுக்கு வேற ஆளப் பாருங்க" என்றார். சட்டம், சுற்றுச்சூழல் என்று எதுவும் பேசவில்லை.

சாயங்காலம் வெல்டர் வந்தார். ஓனர் ஆளனுப்பி வரவழைத்திருந்தார். இருபத்தைந்து வயதுப் பையன். கையெல்லாம் பொறி பட்ட தழும்பு.

"எத்தனையோ வண்டிக்கு அடிச்சிருக்கறனுங்க. எதுக்கும் ஒன்னும் ஆனதில்ல."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அடித்த வண்டிகளில் எரிந்துபோக எதுவும் இருந்திருக்காது.

"எர்த்து எங்க குடுத்த கண்ணு?"

"முன்னால, பம்பர் கொக்கிலைங்க. எர்த்து வயரு கட்டைங்க, பின்னால எட்டல. மிசினு முன்னாலதான் நின்னுச்சு."

எலக்ட்ரீசியன் ஓனரைத் திரும்பிப் பார்த்தார். கீல் அடித்தது வண்டியின் வாலில். எர்த் கொடுத்தது தலையில். நூறு ஆம்பியருக்கு மேல் போகிற கரண்ட் தன் மிசினுக்குத் திரும்பப் போக வண்டி முழுக்க வழி தேடியிருக்கிறது. சேசிஸ் இரும்பு வழியாகப் பெரும்பங்கு போயிருக்கும். பேட்டரி வயரும் கப்ளரும் மாட்டியே இருந்ததால் எர்த் வயர்களைப் பிடித்துக்கொண்டு ஒரு பங்கு பெட்டிக்குள்ளும் போயிருக்கிறது. பேட்டரியைக் கழற்று, ஈசிஎம் கப்ளரைக் கழற்று, அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே எர்த் கொடு என்று வண்டியோடு வருகிற புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் கேபினில் வண்டிக் காகிதங்களோடு ஆர்.சி. உறைக்குள் பிரிக்காத பிளாஸ்டிக்கில் இருந்தது. டிரைவர் எடுத்துக் காட்டினார். ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சடித்திருந்தார்கள்.

புதுப் பெட்டி வந்த அன்றைக்கு எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. இருந்தாலும் போனேன்.

பொருத்துவதில் பார்க்க எதுவுமில்லை. நான்கு போல்ட், இரண்டு கப்ளர், ரப்பர் புஷ் மட்டும் புதிதாக. பையனே முடித்துவிட்டான். முடித்த பிறகும் வண்டி பழையபடியே செத்துக் கிடந்தது. புதுப் பெட்டி வெற்றுப் பெட்டி. எந்த எஞ்சினில் உட்கார்ந்திருக்கிறோம் என்றே அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல லாரிக் கம்பெனியின் ஏஜென்சியிலிருந்து லேப்டாப்போடு சர்வீஸ் எஞ்சினியர் வந்தார். சின்ன வயது, தென்காசிப் பக்கப் பேச்சு, எல்லோரையும் சார் என்றார், பட்டறைப் பையன் உள்பட.

சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் கம்பெனி சர்வரிலிருந்து அந்த வண்டிக்கான மென்பொருள் இறங்க வேண்டும். பட்டறைக்குள் டவர் கிடைக்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் போய், புளியமரத்தடியில் நின்று செல்போனிலிருந்து இணைப்புக் கொடுத்து இறக்கிக்கொண்டு வந்தார். எலக்ட்ரீசியன் அதற்குள் பேட்டரிகளுக்கு 24 வோல்ட் சப்ளை ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தார். எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் இறங்கினால் பாதி எழுதிய பெட்டி மிஞ்சும்.

ஏற்றுவதற்கு முன் இன்னொரு வேலை. ஒரே அச்சில் செய்த இன்ஜெக்டர்கள்கூடத் துல்லியமாக ஒரே அளவு பீய்ச்சுவதில்லை. ஆலையிலேயே ஒவ்வொன்றையும் சோதித்து, அதனதன் குணத்தை எண்ணும் எழுத்துமாக அதன் தலையில் பொறித்துவிடுகிறார்கள். அதை ஈசிஎம்முக்குச் சொன்னால்தான் அது கூட்டிக் குறைத்து ஆறையும் சமமாக ஓட்டும். பழைய பெட்டி உயிரோடிருந்தால் அதிலிருந்தே எடுத்திருக்கலாம். இப்போது மேல்மூடியைக் கழற்றித்தான் படிக்க வேண்டும். பம்ப்பு மேஸ்திரி வந்து கழற்றினார். பையன் எஞ்சின் மேல் குந்தி, டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாகப் படிக்க, எஞ்சினியர் கீழே தட்டச்சு செய்தார்.

"எட்டா, பீயா?"

"பீதான் சார்... இருங்க, தொடச்சிட்டுச் சொல்றன்... எட்டு சார்."

தப்பாக அடித்தால் திரை ஏற்றுக்கொள்ளாமல் சிவப்புக் காட்டியது. மூன்றாவது இன்ஜெக்டரில் இரண்டு தடவை காட்டியது. மேஸ்திரி பொறுமையிழந்து தன் செல்போனால் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். பிறகு அந்த எழுத்துகள் எதைக் குறிக்கின்றன, கூட்டுகிறதா குறைக்கிறதா என்று எஞ்சினியரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். மேஸ்திரி தன் பம்ப்பில் பிளஞ்சருக்குப் பிளஞ்சர் அளந்து சமப்படுத்திய அதே காரியம்தான் இது. எஞ்சினியருக்குத் தெரிந்த அளவு சொன்னார். அதற்கு மேல் கம்பெனி அவருக்கும் சொல்லவில்லை.

திரையில் பச்சைக் கோடு நகரத் தொடங்கியதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. டீக்கடைப் பையன், பக்கத்துப் பெயின்டர், இரண்டு கிளீனர்கள். கோயில் கதவு திறக்கக் காத்திருப்பதுபோல் யாரும் சத்தம் போடவில்லை. எலக்ட்ரீசியன் மட்டும் அந்தக் கூட்டத்தில் இல்லை. சப்ளையின் முள்ளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

எனக்கு அப்போது ஓர் எரிச்சல் வந்தது. கோளாறைக் கண்டுபிடித்தவரிடம் கம்பெனி சர்வரின் கடவுச்சொல் இல்லை. கடவுச்சொல் வைத்திருப்பவருக்குக் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. பணம் கட்டினால் வெளிப் பட்டறைக்கும் இந்த மென்பொருளைக் கொடுத்தாக வேண்டும் என்று அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் ஓட்டுப் போட்டுச் சட்டம் கேட்டார்கள். இங்கேயும் பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு போட்டது. அந்த டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தது. கார், லாரித் துறையும் அதன் பட்டியலில் உண்டு. சேலம் ரோட்டு வரைக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை.

ஏற்றி முடிந்தது. டீசல் ஃபில்டரின் கைப்பம்ப்பை அமுக்கிக் காற்றை எடுத்தார்கள். செல்ஃப் அடித்தார்கள். இந்தத் தடவை ஆர்.பி.எம். முள் துடித்தது. லேப்டாப்பில் ரெயில் பிரஷர் 60, 110, 170 என்று ஏறி, 200ஐத் தாண்டியதும் எஞ்சின் பிடித்தது. ரெயிலில் போதிய அழுத்தம் சேராமல் ஈசிஎம் இன்ஜெக்டரைத் திறக்காது. கழற்றிய சென்சார்களுக்காகப் பதிவாகியிருந்த எரர்களை அழித்தார்கள். சைலன்சரின் வடிகட்டியில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்பதும் புதுப் பெட்டிக்குத் தெரியாது. ஆகவே வண்டியைக் காலி இடத்தில், காய்ந்த புல் இல்லாத பக்கமாக நிறுத்தி, 600 டிகிரி வாக்கில் சூடேற்றி அந்தக் கரியை எரித்துக் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கவைத்தார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. கூட்டம் அதற்குள் கலைந்துவிட்டது.

பாடி பட்டறைக்காரர் பெட்டி விலையில் பங்கு கொடுக்க ஒத்துக்கொள்ளவில்லை. கீல் அடித்த கூலியை மட்டும் வேண்டாம் என்றார். ஏஜென்சி பில்லில் பெட்டி, ஜிஎஸ்டி, மென்பொருள் ஏற்றிய கட்டணம், எஞ்சினியர் வந்துபோன செலவு எல்லாம் வரிசையாக அச்சாகியிருந்தன. ஓனர் அதை ஒரு தடவை படித்து, செல்போனிலேயே அனுப்பிவிட்டார். பேரம் பேசவில்லை.

எலக்ட்ரீசியன் பில் போடுகிறவர் இல்லை. செக்கிங்குக்கு ஆயிரத்து ஐந்நூறு கேட்டார். ஓனர், "என்னங்ணா, மாத்துனது எல்லாம் அவங்க, பாத்ததுக்கே இவ்வளவா?" என்றார். கொஞ்ச நேரம் பேசி ஆயிரம் கொடுத்தார்.